விசிறிக்குப் போட்ட மாலை

வெற்றி வருவதற்கு முன்பே லெக் வந்துவிட்டது.

மீன்பாடி வண்டியில், ஐஸ் பெட்டி வைக்கிற இடத்தில் கோணியை விரித்துப் படுக்கப்போட்டு, மேலே இரண்டு சுற்றுக் கயிறும் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். வண்டிக்காரன் வாசலில் இருந்த பந்தலைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கடைசியில் மலரிடமே கேட்டான்.

"யக்கா, இத்த எங்க எறக்கறது? கடக்கரைல போட்டா அலுமினியத்துக்கோசரம் எவனாவது அட்ச்சிகினு பூடுவான்னு கிருஷ்ணப்பண்ணன் ஏத்தி வுட்டுச்சி."

புருஷன் செத்துப் பதினாறு மணி நேரம் ஆன ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. சாமான் வந்தால் இறக்க வேண்டும், அவ்வளவுதான். மலர் எழுந்து போய், ஷெட்டை ஒட்டித் துணி துவைக்கிற கல்லருகே இடம் காட்டினாள். நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

லெக் என்றால் காலேதான். மற்ற ஃபைபர் படகுகளில் இஞ்சினையே தூக்கிப் பின்னால் மாட்டியிருப்பார்கள். சிவந்தி அண்ணாச்சியின் லாஞ்சில் அப்படி இல்லை. இஞ்சின் உள்ளே உட்கார்ந்திருக்கும். பின்பலகைக்கு வெளியே கனத்த வார்ப்புக் கால் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அதன் பாதத்தில் விசிறி சுற்றும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆளையும் காய்கறியையும் கொண்டுபோகிற லாஞ்சு அது. எண்ணூரிலிருந்து காசிமேடு வரைக்கும் இந்தக் காலைத் திறந்து மூடத் தெரிந்தவன் தான் ஒருத்தன்தான் என்று வெற்றி சொல்லிக்கொள்வான். மறுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

ஐப்பசி மழையும் வடகாற்றும் வருவதற்கு முன்னால் லாஞ்சைக் கரையேற்றி, லெக்கைக் கழற்றி, கத்திவாக்கத்தில் வீட்டை ஒட்டியிருந்த இந்த ஷெட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் கொண்டுவருவான். நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுவான். பழைய கியர் ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் இறக்கிப் பார்ப்பான். ஆயில் டீ மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே கடல் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கிண்ணம் எப்போதும் மலரின் சமையலறைக் கிண்ணமாகத்தான் இருக்கும். கேட்டால், "கிண்ணம் முக்கியமா, கியரு முக்கியமா?" என்பான். தண்ணீர் புகாமல் அடைக்கிற சீல்களை மாற்றுவான், ரப்பர் துருத்தியில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பான், உப்பு அரித்துத் தின்ற ஜிங்க் கட்டியைக் கழற்றிப் புதுசு வைப்பான். தைப் பொங்கல்வரை முகத்துவாரத்துக்கு உள்ளே கட்டிக்கிடக்கப் போகிற லாஞ்சுக்கு இத்தனை உபசாரம். பெண்டாட்டியை ஒரு நாளாவது இப்படித் தொட்டுப் பார்த்து என்ன குறை என்று கேட்டிருக்கிறானா என்று மலர் சண்டை போட்டிருக்கிறாள். அதற்கும் சிரிப்பான்.

இந்த வருஷம் அந்தக் கால் கடலிலேயே பூட்டிக்கொண்டது. நேற்றுச் சாயங்காலம் கப்பலிலிருந்து திரும்பிக் கரையை நெருங்கும்போது லெக் கிறீச்சென்று கத்தி நின்றது. வாடைக்காற்றில் எழுந்த அலை லாஞ்சைத் தூக்கி, கடல் அரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கிற தூண்டில் வளைவுக் கற்கள்மேல் போட்டது. லாஞ்சில் இருந்தவர்கள் இரண்டு பேர். மலரின் தம்பி டில்லிபாபு குதித்து நீந்தி வந்துவிட்டான். வெற்றி இஞ்சின் மூடியைத் திறந்து குனிந்திருந்தான். அவனைப் பெரியாஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏ மலரு, பொணம் வர்ற நேரம். ரெண்டு கொடம் தண்ணி புட்ச்சி வய்யி. குளிப்பாட்டணும்ல" என்றாள் பட்டம்மாள். வெற்றியின் அண்ணன் கிருஷ்ணப்பனின் மனைவி. இந்த வீட்டில் யார் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். சாவு விழுந்த நாளில் மட்டும் அது மாறிவிடுமா என்ன?

மலர் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குழாய் துவைக்கிற கல்லுக்கு மேலேதான் இருந்தது. தண்ணீர் விழுகிற வரைக்கும் பார்க்க வேறொன்றும் இல்லாததால் லெக்கைப் பார்த்தாள். விசிறியில் ஒரு இதழ் கல்லில் மோதிப் பிளந்திருந்தது. பாசியும் மணலுமாக ஒட்டியிருந்தது. விசிறிக்கும் லெக்குக்கும் நடுவில் கத்தி நுழைகிற அளவுக்கு ஒரு இடுக்கு. அதற்குள் ஏதோ மினுங்கியது.

குனிந்தாள். தங்கூஸ்.

நரம்பு மாதிரி இருக்கிற, மீன் தூண்டிலுக்குக் கட்டுகிற கெட்டி நைலான். அச்சைச் சுற்றிச் சுற்றி இறுகி, சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்திருந்தது. கடலில் கிடக்கிற தங்கூஸ் விசிறியில் சுற்றிக்கொள்வது புதிதில்லை. ஆனால் இந்தத் தங்கூஸின் ஒரு சுற்றில் சாமந்திப் பூவின் காம்பு ஒன்று முடிச்சோடு நசுங்கி ஒட்டியிருந்தது. அந்த முடிச்சு மலருக்குத் தெரியும். அவள் அம்மா திருவொற்றியூர் சன்னதித் தெருவில் முப்பது வருஷம் பூ விற்றவள். இரட்டைச் சுருக்குப் போட்டு இழுக்கிற அந்த முடிச்சு அவர்கள் வீட்டு முடிச்சு. மலருக்கும் வரும், டில்லிபாபுவுக்கும் வரும். வேறு யாருக்கும் வராது.

குடம் நிறைந்து வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

ஆயுத பூஜையன்று ஷெட்டில் இருக்கிற ஸ்பானர் முதல் லெக் வரைக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து, விசிறிக்கு ஒரு மாலை போடுவார்கள். மாலை கட்டுவது மலரின் வேலை. போன வருஷம் வாழைநாரில் கட்டினாள். கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே மாலை அறுந்து விழுந்தது. கிருஷ்ணப்பன் முகம் சுருங்கிப்போனது. "பூக்காரி பொண்ணு கட்ன மாலயே அறுந்து வியுதே, இது இன்னா நல்லதுக்கா?" என்றார். வெற்றி நாலு பேர் பார்க்க அவள் பிடரியில் ஒன்று வைத்தான். பலமாக இல்லை. பலமாக இருந்திருந்தால் மறந்திருப்பாள்.

இந்த வருஷம் அறாது என்று அவள் அன்றைக்கே முடிவு செய்திருந்தாள். ஷெட்டில் தொங்கிய தங்கூஸ் உருண்டையை எடுத்து, சாமந்தியை நெருக்கமாக வைத்துக் கட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்த டில்லிபாபு பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னாக்கா, மால கட்றியா, சொறா புடிக்கறியா?"

"அறுந்தா ஒங்க மாமா என்னிய அறுப்பாரு. நீ வந்து வாங்கிக்கிறியா அடிய?"

போட்ட மாலையைக் கையால் கழற்றக் கூடாது. அது தானாக வாடித் தானாக விழ வேண்டும். இந்தப் பக்கத்தில் ஆட்டோவும் லாரியும் ஆயுத பூஜை மாலையைச் சருகாகிற வரைக்கும் மாட்டிக்கொண்டுதான் ஓடும். லாஞ்சையும் அப்படியே மாலையோடுதான் தண்ணீரில் இறக்குவார்கள். விசிறி முதல் சுற்று சுற்றும்போது நார் பிய்ந்து, பூவெல்லாம் மஞ்சளாக மிதக்கும். கடலம்மா எடுத்துக்கொண்டாள் என்று எல்லோரும் கும்பிடுவார்கள். இந்த வருஷமும் பூ மிதந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள், மலரும்தான். பூ போய்விட்டது, கயிறு போகவில்லை என்று யார் பார்த்தார்கள்?

இத்தனைக்கும் வெற்றி சோறு சாப்பிடும்போது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். "அறுந்த தங்கூஸ அப்டியே கடல்ல வீசறானுங்க. ஒரு சுத்து சுத்துனா போதும், சீல பிளேடு கணக்கா அறுத்துப் போட்ரும். ஆயிலு வெளிய, தண்ணி உள்ள, அப்பால கியரு காலி." அவள் கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றியிருக்கிறாள். அது மீன்காரர்களுடைய தங்கூஸைப் பற்றின பேச்சு. சாமிக்குப் போட்ட மாலையும் அந்தக் கணக்கில் சேரும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, பார்த்துச் சிரித்த டில்லிபாபுவுக்கும் தோன்றவில்லை. நெருக்கமாகக் கட்டின சாமந்திக்குள் வெற்றிக்கு நூல் தெரியவும் இல்லை. நியாயப்படி மறுநாளே லாஞ்சைக் கொண்டுபோய் முகத்துவாரத்தில் கட்டியிருக்க வேண்டும். ஒரு கப்பல் வந்து நிற்கிறது, பத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டிவிட்டுக் கட்டலாம் என்று அண்ணாச்சி சொன்னார். ஓட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் நேற்று.

மலர் விரலை இடுக்குக்குள் விட்டு இழுத்துப் பார்த்தாள். நகம் பிய்ந்ததே தவிர ஒன்றும் வரவில்லை. பூக்காம்பை மட்டும் கிள்ளி எடுத்து, குழாய்த் தண்ணீரில் விட்டாள். பிறகு வண்டிக்காரன் போட்டுவிட்டுப் போன கோணியை எடுத்து லெக்கை மூடினாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியது. பார்த்தவர்கள் பாவம் என்றார்கள்.

பத்தரை மணிக்கு வெற்றி வந்தான். வெள்ளைத் துணியில் கழுத்துவரை சுற்றிக் கட்டியிருந்தார்கள். முகத்தில் காயம் ஒன்றும் பெரிதாக இல்லை. நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. கல்யாணமான புதிதில் அவள் அதைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து எடுக்கப் பார்ப்பாள். ஒரு மாதத்தில் விட்டுவிட்டாள். இப்போது அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எய்ந்திரி, எய்ந்திரிச்சி வந்து அடி, இன்னொரு தபா அடி" என்று கத்தினாள். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இரண்டையும் எதிர்வீட்டு ரஹீமுன்னிசா முன்பே தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள். அந்த மட்டும் நல்லது.

ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கூடவே வந்தவர்களில் டில்லிபாபு கடைசியாக இறங்கினான். இடது முழங்கையில் கட்டு. இருபத்தாறு வயது. மலர்தான் வெற்றியிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டாள். மூன்று வருஷம் ஆயில் துடைத்து, இந்த வருஷம்தான் சீலைத் தன் கையால் மாற்றினான். கிருஷ்ணப்பன் அவன் சட்டையைப் பிடித்துப் பந்தலுக்குள் இழுத்துவந்தார்.

"சொல்றா. சீல மாத்துனது யாரு?"

"நான்தான் மாமா. வெற்றி மாமா கூடவே குந்திகினு பாத்தாரு. பாத்துட்டுதான் மூட சொன்னாரு."

"செத்தவன் சாச்சி சொல்ல வருவானாடா? நீ மட்டும் எப்டிடா வந்த? அவன் கீய கெடக்க, நீ நீஞ்சிகினு வந்துட்ட!"

வெற்றிதான் டில்லிபாபுவைப் பார்த்துக் குதிடா என்று கத்தியிருந்தான். அதைச் சொன்னாலும் சாட்சி பாடையில்தான் படுத்திருந்தது.

சிவந்தி அண்ணாச்சி பெரிய ரோஜா மாலையோடு வந்திருந்தார். மாலையைப் போட்டு, கைகூப்பி, மூக்கைத் துடைத்துக்கொண்டு மலர் பக்கம் வந்தார். "மனசத் தேத்திக்கிடுங்கம்மா. நான் யாரையும் குத்தம் சொல்லுததுக்கு வரல. போலீசுல எழுதும்போது லாஞ்சு நல்லாத்தான் இருந்துது, சின்னப் பய வேலையில பிசகிட்டான்னு வந்துட்டா எல்லாருக்கும் நல்லது. இல்லேன்னா வெற்றி பேர்லதான வந்து நிக்கும்? செத்தவங்க பேரு கெடலாமா?"

தர்மம் பேசுகிறவர் முகம்தான். பன்னிரண்டு நாள் கூடுதலாக ஓட்டச் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, யாரும் கேட்கவில்லை.

டில்லிபாபு சட்டையை உதறி விடுவித்துக்கொண்டான்.

"கயட்டிப் பாத்துர்லாம் மாமா. லெக்கு தோ கீது. பத்து நிமிசம். விசிறிய உருவுனா சீலு தெரிஞ்சி பூடும். நான் ஒயுங்காதான் போட்டேன். என் தப்புன்னா என்னிய இங்கியே வெட்டிப் போடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கூட்டம் கொஞ்சம் அசைந்தது. பையன் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது என்று யாரோ ஒருவர் சொன்னார். இன்னொருவர் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். கிருஷ்ணப்பன் யோசித்தார். பிணத்தை வைத்துக்கொண்டு லெக்கைத் திறப்பதா என்று அவருக்கும் சங்கடம். எல்லோருக்கும் சுலபமான வழியை அவர் கண்டுபிடித்தார்.

"நீ சொல்லு மலரு. உன் புருஷன். உன் தம்பி. இன்னா பண்ணலாம்?"

எல்லோரும் மலரைப் பார்த்தார்கள். டில்லிபாபுவும் பார்த்தான். அக்கா தன் பக்கம்தான் பேசுவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சின்ன வயதில் பூக்கூடையைக் கவிழ்த்துவிட்டு அம்மாவிடமிருந்து ஒளிந்துகொள்ளும்போது அவளை இப்படித்தான் பார்ப்பான். அவளும் நான்தான் கவிழ்த்தேன் என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறாள்.

ஒரு வார்த்தை. 'நான் கட்டின மாலை' என்று சொன்னால் போதும். சொல்லிவிட்டால் பிறகு? இந்த வீடு கிருஷ்ணப்பன் பேரில் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வழியில், புருஷனை மாலை போட்டுக் கொன்றவளின் பிள்ளைகள் என்று நாலு பேர் காட்டுவார்கள். பட்டம்மாள் சாகிற வரைக்கும் சொல்லுவாள். மலருக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது. போன வருஷமும் மாலை, இந்த வருஷமும் மாலை.

"வோணாம்" என்றாள்.

"யக்கா..."

"வோணாம்டா. அவுரு இந்த வூட்ட வுட்டுப் போற வரிக்கும் ஸ்பானர் சத்தம் கேக்கக் கூடாது. யாரும் அத்த தொடாதீங்க."

பெண்கள் பக்கத்தில் ஒரு முனகல் எழுந்தது. இந்தத் துக்கத்திலும் புருஷனுக்கு என்ன மரியாதை என்று ஒருத்தி சொன்னாள். மேற்கொண்டு பேச வேண்டியது ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது.

"கேட்டியாடா? கூடப் பொறந்தவளே உன்னிய நம்பல" என்றார் டில்லிபாபுவிடம். "தோள் குடுக்க வராத. பாடையாண்ட நிக்காத. எண்ணூர்லேர்ந்து காசிமேடு வரிக்கும் இனிமே எவன் போட்லயும் நீ கை வெக்கக் கூடாது. நான் ஊர்ல சொல்லிக்கிறேன். எங்கனா வண்ணாரப்பேட்டைல போயி துணி மூட்ட தூக்கு."

டில்லிபாபு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வெற்றியின் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்துப் பந்தலுக்கு வெளியே தள்ளினார்கள்.

மலரை முகம் கழுவி வரச்சொல்லி உள்ளே அனுப்பினார்கள். சமையலறைக் கம்பி வழியாகப் பார்த்தால் ஷெட் தெரியும். டில்லிபாபு துவைக்கிற கல்லில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தான். பிறகு சும்மா இருக்க முடியாதவன் மாதிரி கோணியின் முனையைத் தூக்கினான்.

அவன் குனிந்தான். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினான். சுற்று ஒன்று எழும்பியது. அதை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் விரல் நின்றது. முடிச்சாக இருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தான். அவள் சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மறுபடி எட்டிப் பார்த்தபோது அவன் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. நெம்பி நெம்பி வந்தவரைக்கும் தங்கூஸை இழுத்து அறுத்தான். பூக்காரர்கள் நூலைச் சுற்றுகிற மாதிரி நாலு விரலில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டான். கோணியைப் பழையபடி மூடி, நாலு மூலையும் இழுத்துச் சரி செய்தான்.

மலர் அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெற்றி செத்த சேதி வந்ததிலிருந்து இப்படி அழவில்லை. தம்பி காப்பாற்றிவிட்டான். பழியையும் எடுத்துக்கொண்டு, சாட்சியையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். எல்லாம் முடிந்த பிறகு, பதினாறு கழிந்த பிறகு, அவன் காலில் விழுந்தாவது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பெட்டியில் இருக்கிற தங்க வளையலைக் கொடுத்து வேறு எங்கேயாவது ஒரு வேலை. அவள் மனசு அதற்குள் கணக்குப் போட்டுச் சமாதானம் ஆகத் தொடங்கிவிட்டது. அதுதான் அசிங்கம். அவளுக்கும் அது தெரிந்தது.

மூன்று மணிக்கு எடுப்பதாக முடிவானது. அவர்கள் குடும்பத்தில் பதினாறாம் நாள் வரைக்கும் காத்திருக்கிற வழக்கம் இல்லை. பிணம் வீட்டைவிட்டுப் போவதற்கு முன்பே பெண்டாட்டிக்குப் புதுப்புடவை கட்டி, குங்குமம் வைத்து, பூ முடித்து, புருஷன் பக்கத்தில் உட்காரவைத்து எல்லோரும் பார்த்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். புடவையும் பூவும் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும்.

"ஒங்கம்மா கீதா இன்னா? இவன்தான பொறந்த வூடு" என்றாள் பட்டம்மாள். அவனைக் கூப்பிட அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முறையை விட முடியாது. தெருவில் நின்றுகொண்டிருந்தவனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். "டேய், கோடியும் பூவும் வரணும். பாடைக்குதான் ஆவ மாட்ட, இதுக்காச்சும் ஆவு."

டில்லிபாபு வாசல்படி வரைக்கும் வந்தான். மலர் பயந்துகொண்டே தலையைத் தூக்கினாள். அவன் முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை.

"தோ கொண்டாறேன்க்கா" என்றான். "பூவ நானே கட்டி எடுத்தாறேன்."

அவளுக்கு மறுபடி அழுகை வந்தது.

இரண்டரை மணிக்கு வந்தான். மஞ்சள் புடவை, கண்ணாடி வளையல், குங்குமப் பொட்டலம், இலையில் சுற்றின மல்லிகை. எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்துப் பட்டம்மாளிடம் கொடுத்துவிட்டு, செருப்புக் கிடக்கிற இடத்தில் போய் நின்றுகொண்டான். உள்ளே வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

மலருக்குப் புடவை சுற்றினார்கள். பழைய வளையலோடு புது வளையலையும் திணித்து அடுக்கினார்கள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். பட்டம்மாள் இலையைப் பிரித்து, பூவை உதறி, மலரின் கொண்டையில் மூன்று சுற்று இறுகச் சுற்றி ஊசி குத்தினாள். எவ்வளவு நெருக்கமாகக் கட்டியிருக்கிறான் என்று சொன்னாள். பாராட்டுகிற மாதிரிதான் இருந்தது.

குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியிருந்த வெற்றியின் தலைமாட்டில் அவளை உட்காரவைத்தார்கள். மல்லிகையின் வாசனை முதலில் வந்தது. அதற்கு அடியில் வேறொரு நெடி வந்தது. கருகின கியர் ஆயில். வெற்றியின் சட்டையில், தலையணையில், சாப்பிடுகிற கையில் பதினோரு வருஷமாக அவள் முகர்ந்துவந்த நெடிதான். பிணத்திலிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஆனால் அது அவள் தலையிலிருந்து வந்தது.

"ஆச்சி, எல்லாரும் பாத்தாச்சி. எடுத்துர்லாம்" என்றாள் ஒரு கிழவி. "பூவ கையாலதான் அறுக்கணும். கத்தி கித்தி படக் கூடாது."

வளையல்களை உடைத்தார்கள். குங்குமத்தை அழித்தார்கள். பட்டம்மாள் பின்னால் வந்து, பூச்சரத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். மல்லிகை பொலபொலவென்று தோளில் உதிர்ந்தது. நூல் அறவில்லை.

மறுபடி இழுத்தாள். மலரின் தலை பின்னால் போய் வந்தது. பட்டம்மாள் நூலை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, ஒரு காலைச் சுவரில் கொடுத்து இழுத்தாள். மயிர் வேரோடு வந்தது. நூல் வரவில்லை.

"அம்மாடி, கைய அறுக்குதே!" என்று கையை உதறினாள். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

"அவன் வுட மாட்டேன்றான்டி" என்று அந்தக் கிழவி மார்பில் அடித்துக்கொண்டாள். "பொண்டாட்டிய வுட்டுப் போவ மாட்டேன்றான் பாரு, எப்டி புட்ச்சிகினு கீறான் பாரு!" மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இதுவரைக்கும் கடமைக்கு அழுதுகொண்டிருந்தவர்கள்கூட இப்போது உண்மையாகவே அழுதார்கள். வெற்றி எப்படிப்பட்ட புருஷனாக இருந்திருக்க வேண்டும் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்.

மலர் கையைப் பின்னால் கொண்டுபோய் நூலைத் தொட்டாள். வழுவழுவென்று இருந்தது. தங்கூஸ். நாலைந்து துண்டுகளை ஒன்றாக முடிந்திருந்தது. இரட்டைச் சுருக்கு. விரலில் கறுப்பாக ஆயில் பிசுபிசுத்தது.

அவள் வாசலைப் பார்த்தாள். டில்லிபாபு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். கட்டுப்போட்ட கையால் வாரைப் போட வரவில்லை. நிதானமாகக் குனிந்து மற்றக் கையால் போட்டான். நிமிர்ந்து ஒரு தடவை அக்காவைப் பார்த்தான். பிறகு திருவொற்றியூர்ப் பக்கம் நடக்கத் தொடங்கினான்.

"நேரமாவுது, இன்னா பண்ணிகினு கீறீங்க உள்ள?" என்று கிருஷ்ணப்பன் வெளியிலிருந்து கத்தினார்.

பட்டம்மாள் கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள். மலர் தலையை அசைக்காமல் கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்காமல் ரஹீமுன்னிசா, வழக்கமாவது ஒன்றாவது என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோல் எடுத்து வரத் தன் வீட்டுக்கு ஓடினாள்.